ஒரே சீராக அடிக்கலாமா இதயம்?

கச்சிராயபாளையத்துப் பிள்ளைகளுக்குக் கோமுகி அணை பக்கத்து இடம். அடுத்த விடுமுறையில் வீட்டுப் பெரியவர்களோடு அங்கே போகும்போது, விளையாடத் தொடங்கும் முன் நிழலாகப் பார்த்து ஒரு பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். நடந்து வந்த இரைப்பு அடங்கட்டும். பிறகு இடது கையை மல்லாத்தி வைத்துக்கொண்டு, கட்டைவிரலின் நேர்கீழே மணிக்கட்டில், வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாகப் பதியுங்கள். கட்டைவிரலால் நாடி பார்க்க வேண்டாம். அதற்குள்ளேயே ஒரு நாடி ஓடுகிறது, இரண்டும் கலந்து குழப்பிவிடும்.

துடிப்பு தட்டுப்படுகிறதா? இப்போது மனசுக்குள் ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிக்கொண்டே மூச்சை உள்ளே இழுங்கள். மறுபடி ஐந்து எண்ணிக்கொண்டே வெளியே விடுங்கள். இப்படி ஐந்தாறு முறை. விரல் நாடியை விட்டு நகரக் கூடாது.

கவனித்தீர்களா? மூச்சு உள்ளே போகும்போது துடிப்புகள் நெருங்கி நெருங்கி வருகின்றன. வெளியே விடும்போது தள்ளித் தள்ளி வருகின்றன.

"ஐயோ, என் இதயம் ஒழுங்காக அடிக்கவில்லையே!" என்று பயந்துவிடாதீர்கள். உங்கள் வயதில் இது நன்றாகவே தெரியும். குழந்தை மருத்துவர்கள் ஸ்டெதாஸ்கோப்பில் இதைத் தினமும் கேட்கிறார்கள். பதறும் பெற்றோரிடம் "இது நோய் இல்லை" என்று சொல்லி அனுப்புகிறார்கள். இதே சோதனையை வீட்டில் தாத்தாவிடமோ பாட்டியிடமோ செய்து பாருங்கள். வித்தியாசம் விரலுக்குத் தட்டுப்படுவதே கஷ்டம். வயது ஏற ஏற இந்த ஏற்ற இறக்கம் குறைந்துகொண்டே போகும், அதுவும் இயல்புதான்.

இதயம் நிமிடத்துக்கு 72 முறை துடிக்கும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். 60 விநாடியை 72ஆல் வகுத்தால் 0.83 வருகிறது. அப்படியென்றால் 0.83 விநாடிக்கு ஒரு துடிப்பு என்று கணக்காக விழும் என்றுதானே நினைப்போம்? உண்மையில் நல்ல இதயம் அப்படி அடிப்பதில்லை. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள இடைவெளி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். இதை இதயத் துடிப்பு மாறுபாடு என்கிறார்கள். ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளை வைத்து எச்.ஆர்.வி. என்று சுருக்கமாகவும் சொல்வார்கள்.

கணக்கு பிடித்தவர்கள் பென்சிலை எடுங்கள். இரண்டு பேர். முதலாமவரின் ஐந்து இடைவெளிகள், மில்லிவிநாடியில்: 800, 850, 900, 850, 800. இரண்டாமவருக்கு: 840, 842, 838, 841, 839. இருவருக்கும் சராசரி எடுத்துப் பாருங்கள். இரண்டுமே 840! அதாவது நிமிடத்துக்குச் சுமார் 71 துடிப்பு. நாடி எண்ணிப் பார்க்கும் யாருக்கும் இந்த இருவரும் ஒன்றுதான். ஆனால் பத்தாம் வகுப்புக் கணக்கில் வருகிற திட்டவிலக்கத்தைப் போட்டால் கதை மாறிவிடுகிறது. முதலாமவருக்கு 37 மில்லிவிநாடிக்குச் சற்று மேல். இரண்டாமவருக்கு வெறும் 1.4. (பத்தாம் வகுப்புக்கு இன்னும் வராதவர்கள் அக்காவையோ அண்ணனையோ போடச் சொல்லுங்கள். திட்டவிலக்கத்தை எதற்குத்தான் படிக்கிறோம் என்று அவர்கள் கேட்டிருந்தால் அதற்கும் இங்கே பதில் இருக்கிறது.) மருத்துவர்கள் எச்.ஆர்.வி.யை அளக்கும் வழிகளில் முக்கியமான ஒன்று இந்தத் திட்டவிலக்கமேதான். ஐந்து இடைவெளிகளுக்குப் பதிலாக, ஐந்து நிமிடத்துக்கோ ஒரு நாள் முழுவதற்குமோ கணக்கிடுவார்கள். ஒரு நாளைக்கு இதயம் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது; அத்தனை இடைவெளிகளுக்கும் கணினிதான் கணக்குப் போட வேண்டும்.

சரி, துடிப்பைத் தொடங்கி வைப்பது எது? இதயத்தின் வலது மேலறையில் சிறு திசுத்துணுக்கு ஒன்று இருக்கிறது. சைனோ ஏட்ரியல் கணு என்று உங்கள் பாடநூலில் இருப்பது அதுதான். அதைக் கண்டுபிடித்ததில் ஒரு மாணவருக்கும் பங்கு உண்டு. மார்ட்டின் ஃபிளாக் என்ற மருத்துவ மாணவர், இங்கிலாந்தில் ஆர்தர் கீத் என்ற உடற்கூறு ஆசிரியருடன் வேலை செய்துகொண்டிருந்தார். 1906ஆம் ஆண்டு கோடையில் ஒரு நாள் கீத்தும் மனைவியும் சைக்கிளில் உலாவப் போயிருந்தார்கள். திரும்பி வந்ததும் ஃபிளாக் ஓடோடி வந்து நுண்ணோக்கியைக் காட்டினார். அகழெலியின் இதயத்தை மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்தபோது, இதுவரை யாரும் கவனிக்காத திசு ஒன்று அவர் கண்ணில் பட்டிருந்தது. 1907இல் இருவரும் சேர்ந்து அதை வெளியிட்டார்கள்.

இந்தக் கணு யார் பேச்சையும் கேட்காமல் தன்போக்கில் ஓடினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 தடவை துடிப்பை அனுப்பும். நீங்கள் ஓய்வாக இருக்கும்போது அது அந்த வேகத்தில் ஓடுவதில்லை, ஏனென்றால் மூளையிலிருந்து இரண்டு வகை நரம்புகள் அங்கே வந்து இறங்குகின்றன. பரிவு நரம்பு வேகத்தைக் கூட்டும். எதிர்ப்பரிவு நரம்பு குறைக்கும். குறைக்கும் வேலையைச் செய்கிற பெரிய நரம்புக்கு வேகஸ் என்று பெயர். முகுளத்திலிருந்து புறப்பட்டு, கழுத்து வழியாக இறங்கி, இதயம், நுரையீரல், வயிறு என்று போகிறது.

கச்சிராயபாளையத்திலிருந்து அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் பேருந்தில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? அவர் கால் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. ஏற்றத்தில் ஆக்சிலேட்டர், வளைவில் பிரேக், எதிரே வண்டி வந்தால் மறுபடி பிரேக். பேருந்தின் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால்தான் நாம் பத்திரமாக மேலே போய்ச் சேருகிறோம். கொண்டை ஊசி வளைவிலும் நேர்ச்சாலையிலும் ஒரே வேகத்தில் வண்டி போனால் என்ன நினைப்பீர்கள்? பிரேக்கில் ஏதோ கோளாறு என்றுதானே!

இதயத்துக்கு வருகிற வளைவுகள் கண்ணுக்குத் தெரியாதவை. நீங்கள் எழுந்து நின்றதும் ரத்தம் கால் பக்கம் இறங்குகிறது. கழுத்துத் தமனியில் உள்ள அழுத்த உணர்விகள் உடனே முகுளத்துக்குச் சேதி அனுப்புகின்றன. இதயம் சட்டென்று வேகம் எடுக்கிறது. மூச்சை இழுக்கும்போது வேகஸ் தன் பிடியைத் தளர்த்துகிறது, விடும்போது இறுக்குகிறது. மணிக்கட்டில் நீங்கள் தொட்டுப் பார்த்தது அதைத்தான். வேகஸின் கட்டளை ஒரு விநாடிக்குள் அடுத்த துடிப்பிலேயே தெரிந்துவிடும். பரிவு நரம்பு அவ்வளவு சுறுசுறுப்பு இல்லை, அதற்குச் சில விநாடிகள் பிடிக்கும். ஆகவே துடிப்புக்குத் துடிப்பு நடக்கிற நுணுக்கமான மாற்றங்கள் பெரும்பாலும் வேகஸின் வேலை.

நரம்பே இல்லாவிட்டால்? அதற்கும் விடை தெரியும். 1994 ஆகஸ்ட் 3ஆம் தேதி டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் பி.வேணுகோபால் குழு, இந்தியாவில் முதல்முறையாக மாற்று இதயம் பொருத்தி வெற்றி கண்டது. இப்படி மாற்றும்போது ரத்தக்குழாய்களை இணைத்துத் தைக்கலாம். நரம்புகளைத் தைக்க முடியாது. அதனால் புதிதாகப் பொருத்திய இதயம் ஓய்விலும் நிமிடத்துக்கு 90, 100 என்று ஏறக்குறைய மாறாத வேகத்தில் துடிக்கும். மூச்சை இழுத்தாலும் விட்டாலும் அதற்கு ஒன்றுதான்.

வேகஸ் எப்படி இதயத்தை மெதுவாக்குகிறது என்பதைக் கண்டுபிடித்த கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. நரம்பு மின்சாரத்தால் கட்டளை இடுகிறதா, ரசாயனத்தால் இடுகிறதா என்று நூறு வருடத்துக்கு முன் அறிஞர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில் ஓட்டோ லோவி என்று ஒரு பேராசிரியர். ஒரு நாள் ராத்திரி தூக்கத்தில் அவருக்கு ஒரு சோதனை தோன்றியது. அரைத்தூக்கத்தில் எழுந்து ஒரு தாளில் கிறுக்கிவிட்டுப் படுத்தார். காலையில் பார்த்தால், தன் எழுத்து தனக்கே புரியவில்லை! நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டார். நல்ல வேளையாக மறுநாள் ராத்திரியும் அதே எண்ணம் வந்தது. இந்தத் தடவை அவர் தாளை நம்பவில்லை. அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து நேராக ஆய்வகத்துக்குப் போய்விட்டார்.

இரண்டு தவளை இதயங்களை எடுத்து உப்புக் கரைசலில் துடிக்க விட்டார். முதல் இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார்; துடிப்பு மெதுவானது. அதைச் சுற்றியிருந்த கரைசலை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். அதன் நரம்பை யாரும் தொடவே இல்லை, ஆனாலும் அதுவும் மெதுவாகிவிட்டது. அப்படியானால் நரம்பிலிருந்து ஏதோ ஒரு ரசாயனம் கரைசலில் இறங்கியிருக்க வேண்டும். அது அசிட்டைல் கோலின் என்று பின்னால் தெரிந்தது. 1921இல் வெளிவந்த இந்த ஆய்வு 1936இல் ஹென்றி டேலுடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்தது.

துடிப்பு ஒரே சீராகிவிட்டால் ஆபத்து என்று மருத்துவர்கள் முதலில் தெரிந்துகொண்டது பெரியவர்களிடம் இல்லை, பிறக்காத குழந்தைகளிடம். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எட்வர்ட் ஹான், எஸ்.டி.லீ இருவரும் தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தைகளின் இதயத் துடிப்பைப் பதிவு செய்தார்கள். குழந்தை வயிற்றுக்குள் மூச்சுத்திணறும் நிலைக்குப் போகும்போது, நிமிடக் கணக்கு மாறுவதற்கு முன்பே, துடிப்புகளுக்கு இடையிலான மாறுபாடு மாறிவிடுவதைப் பார்த்தார்கள். இன்றைக்கும் பிரசவ வார்டில் ஒரு கருவி நீளமான தாளில் கோடு வரைந்துகொண்டே இருக்கும். கோடு நெளிநெளியாக ஓடினால் டாக்டரம்மாவுக்கு நிம்மதி. வெகுநேரம் தட்டையாக ஓடினால் உற்றுப் பார்க்கத் தொடங்குவார். சில சமயம் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்!

பெரியவர்களிடம் வந்த பெரிய சான்று 1987இல். ராபர்ட் கிளைகர் என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவினரும் மாரடைப்பு வந்து பிழைத்த 808 பேரின் துடிப்பை 24 மணி நேரம் பதிவு செய்து, பிறகு சராசரியாக 31 மாதம் அவர்களைக் கவனித்தார்கள். நாம் மேலே போட்டோமே, அதே திட்டவிலக்கம். அது 50 மில்லிவிநாடிக்குக் கீழே இருந்தவர்களுக்கு இறப்பு அபாயம், 100க்கு மேலே இருந்தவர்களைவிட 5.3 மடங்கு! இந்த 24 மணி நேரப் பதிவு சாத்தியமானது நார்மன் ஹோல்டர் என்பவரால். 1940களில் அவர் செய்த முதல் கருவியின் எடை 38 கிலோ. முதுகில் சுமந்துகொண்டுதான் சோதித்தார். இன்று ஹோல்டர் கருவி சட்டைப் பையில் அடங்கிவிடும்.

நோயாளிகளிடம் சரி, நோயே இல்லாதவர்களிடம்? அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் 1948 முதல் மக்களின் இதயத்தைத் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்து வருகிறார்கள். அங்கே இதயநோய் வெளிப்படாத 2,501 பேரின் இரண்டு மணி நேரப் பதிவை வைத்து 1996இல் வந்த ஆய்வும் அதையே சொன்னது: மாறுபாடு குறைந்தவர்களுக்குப் பின்னால் இதயநோய் வரும் வாய்ப்பு கூடுதல். 2013இல் எட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ 22,000 பேர். மாறுபாடு குறைவாக உள்ளவர்களுக்கு முதல்முறை இதய, ரத்தக்குழாய் நோய் தாக்கும் வாய்ப்பு 32 முதல் 45 சதவீதம் அதிகம் என்று வந்தது. இங்கே ஒரு தப்பான கணக்கு போட்டுவிடாதீர்கள். நூறில் 45 பேருக்கு நோய் வரும் என்று இதற்குப் பொருள் இல்லை. பத்துப் பேருக்கு வரக்கூடிய இடத்தில் 13, 14 பேருக்கு வரலாம் என்று பொருள். செய்தித்தாளில் சதவீதம் படிக்கும்போதெல்லாம் "எதில் இத்தனை சதவீதம்?" என்று கேட்டுப் பழகுங்கள்.

மாறுபாடு குறைந்ததால் நோய் வந்ததா, நோய் உள்ளே வளர்வதால் மாறுபாடு குறைந்ததா? இது நல்ல கேள்வி. பெரும்பாலும் குறைந்த மாறுபாட்டை ஓர் அடையாளமாகத்தான் பார்க்க வேண்டும். புகைப்பழக்கம், உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், தூக்கக் குறைவு, ஓயாத மன அழுத்தம், உடலுழைப்பே இல்லாமை எல்லாம் அந்த எண்ணைக் கீழே இழுக்கின்றன. ரத்தக்குழாயைக் கெடுப்பவையும் இவற்றில் பலதான். எண்ணை மட்டும் தூக்கி நிறுத்திவிட்டால் நோய் ஓடிவிடும் என்று யாராவது விளம்பரம் செய்தால் நான் நம்ப மாட்டேன். நீங்களும் நம்ப வேண்டாம்.

சர்க்கரை நோயைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நம் ஊரில் சுகர் மாத்திரை இல்லாத தெரு ஏது? ரத்தத்தில் சர்க்கரை பல வருடம் கூடியே இருந்தால் நரம்புகள் பழுதாகும். பாதம் மரத்துப்போவது எல்லோருக்கும் தெரியும். அதே பழுது வேகஸிலும் நடக்கிறது. 1973இல் லண்டன் மருத்துவர்கள் வீலரும் வாட்கின்ஸும், சர்க்கரை நோயால் நரம்பு கெட்டவர்களை ஆழமாக மூச்சு விடச் சொல்லிப் பதிவெடுத்தார்கள். அவர்களிடம் மூச்சோடு ஏறி இறங்கும் மாறுபாடு வெகுவாகக் குறைந்திருந்தது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று மெதுவாக விடச் சொல்லி இ.சி.ஜி. எடுக்கும் அந்தச் சோதனை இன்றும் மருத்துவமனைகளில் உண்டு. ஐந்து எண்ணி இழுத்து, ஐந்து எண்ணி விட்டீர்களே, அது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு? கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நரம்பு இப்படிக் கெட்டவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: மாரடைப்பு வந்தாலும் நெஞ்சு வலி தெரியாமல் போகலாம். காரணமில்லாத வியர்வை, மூச்சு வாங்கல், திடீர்ச் சோர்வு என்று மட்டும் வரும்.

மாறுபாட்டை நாமே கூட்டிக்கொள்ள முடியுமா? புதுச்சேரி ஜிப்மரில் 60 மருத்துவ மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2004இல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு மெதுவான மூச்சுப் பயிற்சி, மறுபாதிக்கு வேகமான மூச்சுப் பயிற்சி, மூன்று மாதம். மெதுவாக மூச்சுவிட்டவர்களிடம் எதிர்ப்பரிவு நரம்பின் கை ஓங்கியது. வேகமாக விட்டவர்களிடம் சொல்லும்படி மாற்றம் இல்லை. ஆனால் இவர்கள் நோயில்லாத இளைஞர்கள், அறுபதே பேர். மூச்சுப் பயிற்சி மாரடைப்பைத் தடுத்துவிடும் என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது. தினமும் ஓடியாடுவதும் நேரத்துக்குத் தூங்குவதும் கூட மாறுபாட்டுக்கு நல்லவை. அவற்றுக்கு ஆய்வகம் தேவையில்லை.

மாறுபாடு கூடினால் எப்போதும் நல்லது என்றும் நினைத்துவிடக் கூடாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற நோயில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிதுடிக்கும். அப்போது திட்டவிலக்கம் எக்கச்சக்கமாக வரும். அது மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கும் மாற்றம் இல்லை, தாறுமாறு. பக்கவாதத்துக்கு வழி வைக்கக்கூடியது. ஆகவே ஸ்மார்ட் வாட்ச் காட்டும் எண்ணைப் பார்த்து "எனக்கு 80, உனக்கு 45தான்" என்று வகுப்பில் போட்டி போடாதீர்கள். தோலின் மீது பச்சை ஒளியைப் பாய்ச்சி, ரத்தம் வந்துபோவதை வைத்து அந்தக் கடிகாரம் கணக்கிடுகிறது. கை அசைந்தாலே பிழை வரும். வயதுக்கு வயது, ஆளுக்கு ஆள் எண் வேறுபடும். ஒருவரின் எண்ணை அவருடைய பழைய எண்ணோடு ஒப்பிட்டால்தான் கொஞ்சமாவது பயன்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். வீட்டில் 30 வயது தாண்டியவர்கள் எல்லோரும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொண்டார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் சுகாதாரப் பணியாளர் அக்காவிடம் சொல்லுங்கள். நெஞ்சை அழுத்தும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை இவற்றில் எது வந்தாலும் "வாயுவாக இருக்கும்" என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்க விடாதீர்கள். கல்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு, அதையும் தாண்டிச் சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இறங்கி வர நேரம் பிடிக்கும். அதற்காகத்தான் 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து மேலே அனுப்புகிறார்கள். முதலில் 108ஐ அழையுங்கள். உங்கள் வயதுப் பிள்ளைகளும் அழைக்கலாம், காசு கிடையாது.